ஒட்டு வண்டி கட்டுமுன் உதிரிபாகம் பாருங்கள்

மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறவர் தாய்மரத்தின் கிளையை மட்டும் பார்ப்பதில்லை. வேர்ச்செடியின் கனத்தையும் வயதையும் பார்த்த பிறகுதான் கத்தியை எடுக்கிறார். பொருந்தாத வேர்ச்செடியில் எவ்வளவு உயர்ந்த ரகத்தைச் சேர்த்தாலும் ஒட்டுப் பிடிக்காது. பழைய பாகங்களைச் சேர்த்துச் சொந்தமாக வண்டி கட்ட நினைக்கும் விவசாயிகளும் இதே முறையைக் கையாள வேண்டும். அங்கே எஞ்சின் தாய்மரக் கிளை என்றால், கியர்பாக்ஸ்தான் வேர்ச்செடி.

கிணற்றுக்கு மின் இணைப்பு கிடைத்தபின் கொட்டகை மூலையில் சும்மா கிடக்கும் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் பல வீடுகளில் உண்டு. உழவு மாடுகள் குறைந்துவிட்டன. எருவையும் வைக்கோலையும் வாழைத்தாரையும் தேங்காயையும் வயலிலிருந்து களத்துக்குக் கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை. இரண்டு ஏக்கருக்காகப் புது டிராக்டர் வாங்கக் கட்டுப்படியாகாது. இந்த நிலையில், அந்த எஞ்சினை ஒரு பழைய ஜீப்பின் கியர்பாக்ஸோடும், வேறொரு வண்டியின் பின் ஆக்சிலோடும் சேர்த்து வயல் வண்டி ஒன்று கட்டலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. வடமாநிலங்களில் இப்படிக் கட்டிய வண்டிகளுக்கு ‘ஜுகாட்’ என்று பெயர்.

இன்று நகரத்தில் ‘ஹைபிரிட்’ என்றால் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார். கிராமத்து ஒட்டு வண்டி அதுவல்ல. இது இரண்டு மூன்று இன வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி. இதைக் கட்டுவது குற்றமல்ல. எஞ்சின் கையில் இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து தொடங்குவதுதான் தவறு. மதுரையில் ஒரே நாளில் உதிரிபாகம் கிடைக்கும் கியர்பாக்ஸ் எது என்று பார்த்து, அதிலிருந்து தொடங்க வேண்டும்.

கியர்பாக்ஸ் என்ன செய்கிறது?

பாசன எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது. அதை அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தால் வண்டி நகராது, எஞ்சின் நின்றுவிடும். சுற்றைக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்கு விசையைக் கூட்டித் தருவதே கியரின் வேலை. கவலையில் நீர் இறைத்த காலத்தில் உருளை செய்த வேலையை ஏற்றத்தின் நீண்ட மரமும் செய்தது போல, பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் சேர்ந்து விசையை மாற்றித் தருகின்றன.

பழைய சி.ஜே. 3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். வில்லிஸ் ஜீப்புகளை மகிந்திரா நிறுவனம் 1947ல் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கியது. சி.ஜே. 3பி அந்த வரிசையில் வந்தது. அதில் உள்ள டி-90 என்ற மூன்று வேகக் கியர்பாக்ஸில் முதல் கியர் 2.8 மடங்கு குறைக்கும். அதன் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் பெட்டி, ‘லோ’வில் போட்டால் மேலும் 2.46 மடங்கு குறைக்கும். ஆக்சிலில் உள்ள கிரவுன், பினியன் 5.38 மடங்கு குறைக்கும். மூன்றையும் பெருக்கினால் சுமார் 37 வரும். அதாவது எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

ஜீப் டயரின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் நகரும். கணக்குப் போட்டால், 1,500 சுற்று எஞ்சினில் வண்டி மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் போகும். வண்டிமாட்டின் நடையைவிடச் சற்று அதிகம். வயலுக்கு ஏற்ற வேகம். மூன்றாம் கியரில் போட்டு டிரான்ஸ்ஃபர் பெட்டியை ‘லோ’விலேயே வைத்தால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அதற்குமேல் 5 குதிரைத்திறன் எஞ்சினிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

எந்தக் கியர்பாக்ஸ் வாங்கினாலும் இந்தப் பெருக்கலைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். லாரி கியர்பாக்ஸ் உறுதியானதுதான். ஆனால் அதன் கனத்தைச் சுற்றவே சிறு எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். ஆட்டோ ரிக்‌ஷாவின் பெட்டி சேற்றில் சுமை இழுக்கச் செய்யப்பட்டதல்ல. டிராக்டரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் போல்ட்டால் இணைந்து, அவையே வண்டியின் முதுகெலும்பாக இருக்கின்றன. அதிலிருந்து கியர்பாக்ஸை மட்டும் பிரித்து வேறு சட்டத்தில் பொருத்துவது பட்டறைக்குப் பெரிய வேலை. டிரான்ஸ்ஃபர் பெட்டியோடு கூடிய ஜீப் கியர்பாக்ஸைப் பலர் நாடுவதற்குக் காரணம் இதுதான்.

பாதிப் பெட்டி வாங்கக் கூடாது

பழைய இரும்புக் கடையில் ஒருவரிடம் கூடு கிடைக்கும், மற்றொருவரிடம் ஷாஃப்ட் கிடைக்கும், மூன்றாமவரிடம் கியர்கள் கிடைக்கும். தனித்தனியே வாங்கினால் விலை மலிவு என்று தோன்றும். இதுதான் பணத்தைக் கரைக்கும் வழி. ஒரே பெட்டிக்குள் பல ஆண்டு சேர்ந்து ஓடிய இரு கியர்களின் பற்கள் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியிருக்கும். ஒன்றை மாற்றி வேறு பெட்டியின் கியரைப் போட்டால் சத்தம் வரும். பிறகு பல் உடையும். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழகிய ஜோடி மாட்டைப் பிரித்து வேறு மாட்டோடு பூட்டினால் ஏர் எப்படிப் போகும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பெட்டி, கிளச் மூடி, பெல் ஹவுசிங் ஆகியவற்றை ஒரே வண்டியிலிருந்து முழுமையாக வாங்குவது உத்தமம். கியர் மாற்றும் தடி, கிளச் ஃபோர்க் போன்ற சிறு பாகங்களையும் விட்டுவிடக் கூடாது. பிறகு தேடினால் அவைதான் அதிக நாள் எடுக்கும்.

பழைய பெட்டியைச் சோதிப்பது எப்படி?

கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை அவர் எதிரிலேயே செய்து பார்க்கலாம்.

1. ஆயிலை இறக்கி விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் போன்ற மெல்லிய தூள் இருந்தால் சாதாரணத் தேய்மானம். காந்தத்தில் துணுக்குகள் ஒட்டினால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

2. உள்ளே போகும் ஷாஃப்டிலும் வெளியே வரும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றுங்கள். வெளிஷாஃப்ட் ஒரு சுற்று வர உள்ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் அதுவே அந்தக் கியரின் விகிதம். சொன்ன இனம்தானா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

3. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றலாம், ஆனால் கூட்டில் பேரிங் உட்காரும் துளையே தேய்ந்திருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

4. மேல்மூடியைத் திறந்து ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். அம்மைத்தழும்பு போலக் குழி விழுந்த பல், முனை மழுங்கிய பல் இருந்தால் கியர் தானாக நழுவும்.

5. கூட்டில் விரிசல், வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். வார்ப்பிரும்பில் போட்ட வெல்டிங், சுமையில் நம்பத்தக்கதல்ல.

6. ரசீது கட்டாயம் வாங்குங்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தோ, தெரிய இடமிருந்தும் கவனியாமலோ வாங்கினால் வாங்கியவரும் வழக்கில் மாட்டுவார்.

மதுரையில் கிடைப்பது என்ன?

வண்டித்தொழிலில் மதுரை பின்தங்கிய ஊரல்ல. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911ல் தம் தொழிலைத் தொடங்கிய நகரம் இது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டுவதற்கான கருவிகளை அந்த நிறுவனம் தயாரித்தது. பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினைக் கரிவாயுவில் ஓட வைத்ததும் ஒருவகை ஒட்டு வேலைதான். அது வெற்றி பெற்றதற்குக் காரணம், பஸ்ஸைக் கவனிக்கும் பட்டறையும் உதிரிபாகமும் அதே ஊரில் இருந்தது.

இன்றும் சிம்மக்கல் ஒர்க்‌ஷாப் ரோடு, வடக்கு வெளி வீதிப் பக்கம் பேரிங், ஆயில் சீல், பெல்ட், புல்லி வாங்கலாம். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் லேத் பட்டறைகள் உள்ளன. ஆனால் எது கடையில் வாங்க வேண்டியது, எது பட்டறையில் செய்யக்கூடியது என்ற வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும்.

பேரிங், ஆயில் சீல், கிளச் தட்டு, யூனிவர்சல் கிராஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். 6207 என்றால் கடைசி இரண்டு இலக்கமான 07ஐ ஐந்தால் பெருக்க 35 வரும். உள்துளை 35 மில்லிமீட்டர். இந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கம்பெனிப் பேரிங்கும் பொருந்தும். ‘ஜீப் பேரிங்’ என்று கேட்பதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்பது மேல்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தகடு, புல்லி, வாஷர், புஷ் ஆகியவற்றை லேத்தில் கடையலாம். கியரை மட்டும் சாதாரண லேத் பட்டறையில் செய்யக் கூடாது. கியர்ப் பல்லின் மேல்தோல் கடினமாகவும் உள்பகுதி வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். இதற்காகவே தனி எஃகில் பல் வெட்டி, கரியூட்டிச் சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்திப் பதப்படுத்துகிறார்கள். இந்தப் பதம் இல்லாத கியர் சீக்கிரம் தேய்ந்துவிடும். உள்ளும் புறமும் ஒரே கடினமாக இருந்தால் உடையும். உடைந்த பல்லை வெல்டிங் வைத்து அரத்தால் ராவிப் போடுவதும் அப்படியே. வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பற்களின் பதமும் போய்விடும்.

மதுரையில் கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டைக்கோ கோவை உக்கடத்துக்கோ போகலாம். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கேதான் போக வேண்டும் என்றால் அந்த இனக் கியர்பாக்ஸ் மதுரை விவசாயிக்கு ஏற்றதல்ல.

பருவம் காத்திருக்காது

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வைகை அணையில் தண்ணீர் இருந்து ஜூனில் பெரியாறு பிரதானக் கால்வாயில் திறந்துவிட்டால், பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கரிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலை தொடங்குகிறது. திருமங்கலம், கல்லுப்பட்டிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன்பே எரு வயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் ஒரு பினியனுக்காக வண்டி நின்றால், எரு குப்பைக்குழியிலேயே கிடக்கும். வாடகை டிராக்டர் அப்போதுதான் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். மலிவாக வாங்கிய கியர்பாக்ஸின் உண்மையான விலை அன்றைக்குத்தான் தெரியும்.

பாகம் கிடைக்காமல் போவது பழைய இரும்புக் கடைக்கு மட்டும் உரிய தொல்லையும் அல்ல. அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1971ல் செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் டிராக்டரைப் பிஞ்சோரில் தயாரிக்கத் தொடங்கியது. அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016ல் ஒப்புதல் அளித்தது. முறையாகக் கடன் வாங்கிக் கம்பெனி டிராக்டர் வாங்கியவரே பிற்காலத்தில் உதிரிபாகத்துக்கு அலைய நேரிடும் என்றால், மூன்று இனம் கலந்த வண்டிக்காரர் எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்!

பொருத்துவதில் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, எஞ்சின் சுழலும் திசை. முன்பக்கம் நின்று பார்த்தால் ஜீப் கியர்பாக்ஸின் உள்ஷாஃப்ட் கடிகார முள் திசையில் சுழல வேண்டும். எஞ்சினைத் திருப்பி வைத்துப் பெல்ட் போட்டால் திசை மாறிவிடும். அப்போது முன்னே போக ஒரு கியரும் பின்னே போக மூன்று கியரும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, பெல்ட்டின் இழுப்பு. கியர்பாக்ஸின் உள்ஷாஃப்டிலேயே புல்லியை மாட்டினால் பெல்ட் பக்கவாட்டில் இழுத்து முன்பேரிங்கைச் சீக்கிரம் தின்றுவிடும். புல்லிக்குத் தனியாக இரண்டு பிளம்மர் பிளாக் வைத்து, அங்கிருந்து கப்ளிங் மூலம் ஷாஃப்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் குத்து நேராகப் பல்லில் விழாமல் பெல்ட் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, நேர்கோடு. இணைக்கும் தகட்டில் நடுத்துளை சிறிது விலகினாலும் கியர் நழுவும். பைலட் பேரிங் வெந்துபோகும். தகடு கடையும் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காகும் செலவு, கெட்டுப்போன ஒரு கியரின் விலையைவிடக் குறைவு.

தார்ச்சாலைக்குக் கொண்டுவரலாகாது

இது வயலுக்கும் தோப்புக்கும் உரிய வண்டி. ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டதே. சட்டத்தின் விதிகளை நிறைவேற்றாமல் அது சாலையில் ஓடக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2013 மே மாதம் தீர்ப்பளித்தது. பதிவான வண்டியாக இருந்தாலும், தயாரித்தவர் குறித்த அமைப்பை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் மற்றொரு தீர்ப்பில் அது வலியுறுத்தியது. பதிவு இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. நடவுக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது விபத்து நேர்ந்தால், அந்தக் குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுக்க இருக்கும் இரண்டு ஏக்கரையும் விற்க வேண்டிவரும். போன உயிர் அப்போதும் திரும்பாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

யார் கட்டலாம், யார் கட்ட வேண்டாம்?

தனி ஒருவருக்கு இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் இருந்தால் ஒட்டு வண்டி கட்டாமல் இருப்பதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை ‘இ-வாடகை’ மூலம் முன்பதிவு செய்து பெறலாம். பவர் டில்லருக்கு மானியம் உண்டு, அதில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றுக்கொன்று என்றே செய்தவை, டிரெய்லரும் பூட்டலாம். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சாலையைத் தொடாத வண்டிப்பாதையும் இருந்து, தெரிந்த பட்டறைக்காரரும் இருந்தால் மட்டுமே ஒட்டு வண்டி கட்டுவது பொருந்தும்.

அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியது

விவசாயி பழைய இரும்புக் கடையில் அலைவதற்கு அவருடைய சிக்கனம் மட்டும் காரணமல்ல. சிறு நிலத்துக்கு ஏற்ற வண்டி எளிய விலையில் இல்லை. வாங்கிய கருவிக்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்று சொல்வாரும் இல்லை. இது மாற வேண்டும்.

விவசாயக் கருவி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் பேரிங் எண், சீல் அளவு, கியர்ப் பல் எண்ணிக்கை அடங்கிய பட்டியலைத் தமிழில் கருவியோடு தர வேண்டும். ஓர் இனத்தின் தயாரிப்பை நிறுத்தினால், அதன்பின் எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் உரமும் விதையும் வைத்திருப்பது போல, சீக்கிரம் தேயும் பாகங்களையும் பருவத்துக்கு முன் இருப்பு வைக்கலாம்.

இது பெரிய நாடுகளிலும் எழுந்துள்ள கோரிக்கைதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கத் தேவையான பாகங்களையும் விவரங்களையும் உரிமையாளருக்குத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று 2023ல் சட்டம் செய்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அந்த உரிமை தில்லியிலிருந்து உசிலம்பட்டிப் பட்டறை வரை வந்து சேர வேண்டும். விவசாயிகள் சங்கங்கள் தண்ணீருக்கும் விலைக்கும் குரல் கொடுப்பது போல இதற்கும் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை விவசாயி தன்னைத் தானே காத்துக்கொள்ள ஒரே வழி, வாங்குமுன் கேட்பது. இந்த இனத்துக்குப் பேரிங் மதுரையில் கிடைக்குமா? கிளச் தட்டு கிடைக்குமா? இரண்டாம் கியர் உடைந்தால் புதிது எங்கே வாங்குவது? மூன்றுக்கும் கடை பெயரோடு பதில் கிடைத்தால் அந்தக் கியர்பாக்ஸை வாங்கலாம். கிடைக்காவிட்டால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வெறுங்கையோடு ஊர் திரும்புவதே நல்லது.